உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும்: பார நிறுவையைச் சரிபார்க்கும் முறை

களத்திலே தூற்றிக் காயவைத்த நெல்லை ஆலைக்கும் சந்தைக்கும் கொண்டு செல்வதற்கு இன்று பெரும்பாலான கமக்காரர் உழவு இயந்திரத்தையும் அதன் பின்னே கொழுவப்படும் இழுவைப் பெட்டியையுமே நம்பியுள்ளனர். ஒரு போகத்துப் பாடு முழுவதும் தராசின் மேல் சில நிமிடங்களில் ஓர் எண்ணாக மாறுகின்றது. அவ்வெண்ணின்படியே பணம் கிடைக்கும். ஆதலால், அது எவ்வாறு பெறப்பட்டது, சரியானதுதானா என்பதை அறிந்து கொள்ளுதல் ஒவ்வொரு கமக்காரருக்கும் இன்றியமையாதது.

நிறுவையினால் இரண்டாவது பயனும் உண்டு. இயந்திரம் எவ்வளவு பாரத்தை இழுக்கின்றது, அதன் கொழுவியில் எவ்வளவு பாரம் தங்குகின்றது என்பன தெரியாமல் குளக்கட்டின் ஏற்ற இறக்கங்களில் வண்டியைச் செலுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும். ஒரே நிறுவையைச் சற்றுக் கவனத்துடன் செய்தால் பணத்துக்கும் உயிருக்கும் காவல் கிடைக்கும். அம்முறையை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதன்று. மூடைகளை அச்சுக்கு முன்னே அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னே அடுக்கினால் நுகம் மேலெழும்பும். ஒற்றை அச்சுள்ள இழுவைப் பெட்டியிலும் இவ்வாறே நிகழ்கின்றது. மாட்டின் கழுத்துக்குப் பதிலாக இங்கே இயந்திரத்தின் கொழுவி பாரத்தைத் தாங்குகின்றது.

ஆகவே, பெட்டியின் நிறை முழுவதும் பெட்டியின் சில்லுகளில் நிற்பதில்லை. ஒரு பங்கு சில்லுகளிலும், மறு பங்கு கொழுவியின் வழியாக இயந்திரத்தின் சில்லுகளிலும் நிற்கின்றது. இவ்வுண்மையை மறப்பதே நிறுவைப் பிழைகளுள் பெரியதற்குக் காரணம். நான்கு சில்லுப் பெட்டியின் இழுவைக் கால் மேலும் கீழும் அசையுமாறு பூட்டப்பட்டிருப்பதால், அதன் கொழுவியில் தங்கும் பாரம் மிகச் சிறிதாகும். கீழே கூறுவன சிறப்பாக ஒற்றை அச்சுப் பெட்டிக்குரியன.

தராசில் ஏறுமுன் கவனிக்க வேண்டியவை

வண்டியோடு சேர்த்து நிறுக்கும் பெரிய தராசை இங்கு வண்டித் தராசு என்போம். அதில் ஏறுமுன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. வெறுந் தராசு பூச்சியம் காட்டுகின்றதா என்பதை நீங்களே பாருங்கள். தராசுத் தட்டின் ஓரங்களில் கல்லோ மண்ணோ இறுகியிருப்பின் அதை அகற்றச் செய்யுங்கள். மழை நீர் தேங்கியிருப்பின் வழித்துவிடச் சொல்லுங்கள்.

2. சில்லுகளில் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள். வெறும் வண்டியைச் சேறில்லாமலும் பாரவண்டியைச் சேற்றுடனும் நிறுத்தால், சேறும் நெல்லாகக் கணக்கிடப்படும். மாறி நிகழின் நட்டம் உங்களுக்கே.

3. சாரதி ஒரு நிறுவையில் இருந்து மறு நிறுவையில் இறங்கி நிற்றல் கூடாது. 65 கி.கி. நிறையுள்ள ஒருவர் மூன்று புசல் நெல்லுக்குச் சமமானவர். இருந்தால் எல்லா நிறுவையிலும் இருக்க வேண்டும். இன்றேல் எல்லாவற்றிலும் இறங்க வேண்டும்.

4. இரண்டு நிறுவைகளுக்கிடையே டீசல் நிரப்பாதீர்கள். ஒரு லீற்றர் டீசல் ஏறக்குறைய 0.84 கி.கி. நிறையுடையது. 50 லீற்றர் நிரப்பினால் 42 கி.கி. கூடிவிடும்.

5. தராசின் மேல் நின்றதும் பிறேக்கைத் தளர்த்தி, இயந்திரத்தைப் பல்லில் இல்லாமல் விடுங்கள். பிறேக் இறுகிய நிலையில் இயந்திரமும் பெட்டியும் ஒன்றையொன்று இழுத்தோ தள்ளியோ நிற்கும். ஒரு பகுதி தராசிலும் மறு பகுதி வெளியிலும் நிற்கும்போது இது நிறையைப் பிழையாகக் காட்டும். நிலம் மட்டமாயிருந்தாலன்றி இவ்வாறு செய்தலாகாது.

ஐந்து நிறுவைகள்

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். தராசு 20 கி.கி. படியாகக் காட்டுகின்றது. எல்லா நிறுவையிலும் சாரதி ஆசனத்தில் இருக்கின்றார்.

முதலாவது: இயந்திரம் தனியே, 2,140 கி.கி.
இரண்டாவது: இயந்திரமும் வெறும் பெட்டியும், 3,200 கி.கி.
மூன்றாவது: இயந்திரமும் நெல் ஏற்றிய பெட்டியும், 6,220 கி.கி.
நான்காவது: பெட்டி கொழுவியபடியே, இயந்திரத்தின் சில்லுகள் மாத்திரம் தராசில், 2,480 கி.கி.
ஐந்தாவது: இயந்திரம் கொழுவியபடியே, பெட்டியின் சில்லுகள் மாத்திரம் தராசில், 3,740 கி.கி.

மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நெல்லின் நிறை 3,020 கி.கி. மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் நெல்லுடன் பெட்டியின் முழு நிறை 4,080 கி.கி. நான்காவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கொழுவியில் தங்கும் பாரம் 340 கி.கி.

கணக்கு ஒத்து வருகின்றதா?

இனிச் சரிபார்ப்போம். நான்காவதையும் ஐந்தாவதையும் கூட்டினால் மூன்றாவது கிடைக்க வேண்டும். 2,480 உடன் 3,740 ஐக் கூட்டினால் 6,220. கணக்கு ஒத்துவிட்டது. ஒரு படி, அதாவது 20 கி.கி., வேறுபட்டால் அது பொறுக்கத்தக்கது; தராசு ஒவ்வொரு முறையும் கிட்டிய படிக்கு மாற்றிக் காட்டுவதால் அவ்வேறுபாடு நேரலாம். இரண்டு படிக்கு மேல் வேறுபட்டால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் தராசுக்கு ஏறும் வழி தராசுத் தட்டோடு மட்டமாக இல்லாமையோ, பிறேக் தளர்த்தப்படாமையோ காரணமாயிருக்கும். அதனைத் திருத்தி மீண்டும் நிறுங்கள்.

மற்றொரு சரிபார்ப்பு மூடைக் கணக்கு. ஏற்றுமுன் எல்லா மூடைகளிலுமிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்து மூடைகளை எடுத்துச் சிறு தராசில் நிறுத்து வையுங்கள். பத்தும் சேர்ந்து 502 கி.கி. எனின் ஒரு மூடை சராசரி 50.2 கி.கி. ஆகும். அறுபது மூடைக்கு 3,012 கி.கி. வண்டித் தராசு காட்டிய 3,020 உடன் இது ஒரு படிக்குள் ஒத்து வருகின்றது. இரண்டு வேறு வழிகளில் பெற்ற எண்கள் ஒத்து வந்தாலன்றி எந்த நிறையையும் முடிவானதென்று கொள்ளாதீர்கள்.

பெட்டிச் சில்லுகளை மாத்திரம் நிறுத்தால்

தராசு குட்டையாக இருப்பின், இயந்திரத்தை வெளியே நிறுத்திப் பெட்டியின் சில்லுகளை மாத்திரம் நிறுப்பதுண்டு. மேற்கூறிய உதாரணத்தில் வெறும் பெட்டியை இவ்வாறு நிறுத்தால் 980 கி.கி. வரும்; எஞ்சிய 80 கி.கி. கொழுவியில் நிற்கும். நெல் ஏற்றிய பின் 3,740 வரும். கழித்தால் நெல் 2,760 கி.கி. எனத் தோன்றும். மெய்யான நிறையோ 3,020 கி.கி. எனவே 260 கி.கி. நெல், அதாவது 12 புசலுக்கு மேல், கணக்கில் வாராமற் போயிற்று.

இங்கே எவரும் வஞ்சித்தாரில்லை, தராசிலும் குற்றமில்லை. கொழுவியில் நின்ற நெல் நிறுக்கப்படவில்லை, அவ்வளவே. ஆகவே, குட்டைத் தராசில் இயந்திரத்தின் சில்லுகளையும் தனியே நிறுத்து இரண்டையும் கூட்டும்படி கேட்டுக் கொள்ளுங்கள். வெறும் வண்டியையும் அவ்வாறே இரு பகுதியாக நிறுத்தல் வேண்டும்.

தராசையே சோதித்தல்

விற்பனைக்குப் பயன்படும் தராசுகள் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்துக்கு அமைய, ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிடப்படல் வேண்டும். அம்முத்திரையையும் அதன் ஆண்டையும் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. இதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

முத்திரை இருப்பினும் எளிய சோதனைகள் இரண்டு உண்டு. ஒன்று, அதே வண்டியைத் தராசின் முன் ஓரத்திலும் நடுவிலும் பின் ஓரத்திலும் நிறுத்திப் பாருங்கள். முழு வண்டிக்கு இடம் போதாவிடின் இயந்திரத்தை மாத்திரம் கொண்டு இதனைச் செய்யலாம். மூன்று எண்களும் ஒரு படிக்குள் ஒத்திருக்க வேண்டும். மற்றது, வண்டி தராசில் நிற்கும்போதே, முன்பே நிறுத்து வைத்த பத்து மூடைகளை அதன் மேல் ஏற்றுங்கள். 500 கி.கி. ஏற்றினால் எண்ணும் 500 அளவே கூட வேண்டும்.

மூடை நிறுக்கும் சிறு தராசைச் சோதிக்க நீர் போதும். ஒரு லீற்றர் நீர் ஒரு கி.கி. நிறையுடையது. அளவு குறித்த பாத்திரத்தால் 20 லீற்றர் நீரை அளந்து வாளியில் ஊற்றி நிறுத்து, வெறும் வாளியின் நிறையைக் கழியுங்கள். 20 கி.கி. வருதல் வேண்டும்.

20 கி.கி. படியாகக் காட்டும் பெருந் தராசில் ஐந்தாறு மூடைகளை மட்டும் வைத்து நிறுத்தல் தகாது. அத்தகைய தராசில் 20 படிகளுக்குக் குறைந்த பாரத்தை, அதாவது 400 கி.கி. க்குக் குறைந்ததை, நிறுக்கலாகாது என்பது பொது விதி.

கொழுவிப் பாரமும் பாதுகாப்பும்

கொழுவியில் பாரம் அளவோடு இருத்தல் வேண்டும். நம் உதாரணப் பெட்டியில் கொழுவியிலிருந்து அச்சுவரை 3 மீற்றர் எனக் கொள்வோம். பெட்டியும் நெல்லும் சேர்ந்த பாரத்தின் மையம் அச்சுக்கு 25 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், முன்னே இருந்தமையால் 340 கி.கி. கொழுவியில் தங்கிற்று. அம்மையம் அச்சுக்கு 10 சென்ரிமீற்றர் பின்னே சென்றுவிட்டால், கொழுவி 136 கி.கி. அளவுக்கு மேலே தூக்கப்படும். இயந்திரத்தின் பின்சில்லுகள் பிடிப்பை இழந்து வழுக்கும். சாண் அளவான அடுக்குப் பிழை இவ்வளவு செய்ய வல்லது.

முன்பாரம் மிகுந்தாலும் கேடே. இயந்திரத்தின் முன்சில்லுகள் இலேசாகித் திருப்புதலுக்குக் கட்டுப்படா. இயந்திரத்தின் சொந்த நிறையில் ஐந்திலொரு பங்காவது முன்சில்லுகளில் நிற்றல் வேண்டும் என்பது நல்ல விதி. 2,140 கி.கி. இயந்திரத்துக்கு அது 428 கி.கி. முன்சில்லுகளை மாத்திரம் தராசில் ஏற்றினால் இதனை அறிந்து கொள்ளலாம். தனியே நிற்கையில் 800 கி.கி. காட்டிய முன்சில்லுகள், பாரப்பெட்டி கொழுவிய பின் 700 கி.கி. காட்டினால் அச்சமில்லை.

பத்தடிக்கு ஓரடி சரியும் இறக்கத்தில், 4,080 கி.கி. நிறையுள்ள பெட்டி இயந்திரத்தைப் பின்னிருந்து ஏறக்குறைய 400 கி.கி. விசையுடன் தள்ளும், எட்டு மூடைகளின் பாரம் முதுகில் சாய்ந்து நிற்பது போன்றது இது. பெட்டிக்குப் பிறேக் இல்லாவிடின் இதனை இயந்திரமே தாங்கி நிறுத்த வேண்டும். எனவே, உங்கள் இயந்திரத்தின் தகட்டிலும் கைந்நூலிலும் குறித்துள்ள இழுவை எல்லையையும் கொழுவி எல்லையையும் நீங்கள் பெற்ற எண்களோடு ஒப்பிடுங்கள். கூடுதலாயின் இரண்டு நடையாகக் கொண்டு செல்லுங்கள்.

இரு சக்கர இயந்திரமும் மரக்கறியும்

இரு சக்கர உழவு இயந்திரத்தில் சாரதி பெட்டியின் முன் ஆசனத்தில் அமர்கின்றார். அவர் நிறை பெட்டியோடு சேர்ந்தது என்பதை மறவாதீர்கள். சிறிய பெட்டிக்கு ஒருவரின் நிறையும் பெரிதே.

மரக்கறிச் செய்கையாளர், கழுவிய கரற், கிழங்கு முதலியவற்றை நீர் வடிந்த பின்னரே நிறுத்துக் குறித்துக் கொள்ளுங்கள். ஈரத்தோடு தோட்டத்தில் நிறுத்ததைச் சந்தையில் உலர்ந்தபின் நிறுத்தால் குறைவது இயல்பு. அதற்குத் தராசைக் குறை கூறுதல் பொருந்தாது.

நெல்லுக்கும் இது பொருந்தும். 18 சதவீத ஈரமுள்ள 3,020 கி.கி. நெல், களஞ்சியத்துக்கு உகந்த 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 2,880 கி.கி. ஆகும். குறைந்த 140 கி.கி. நீராய்ப் போயிற்று. ஆகவே, நிறையைக் குறிக்கும்போது ஈரப்பதனையும் அருகே குறியுங்கள்.

அலகுகளிலும் கவனம் தேவை. பழைய அந்தர் 112 இறாத்தல், அதாவது 50.8 கி.கி.; இன்று 50 கி.கி. உரப்பையையும் அந்தர் என்றே வழங்குகின்றோம். நெற்புசல் 46 இறாத்தல், அதாவது 20.9 கி.கி. அளவு. விலை பேசுமுன் எந்த அலகென்று தெளிவாகக் கேளுங்கள், கி.கி. கணக்கிலேயே பேசுதல் நன்று.

நினைவிற் கொள்க

பூச்சியத்தைப் பாருங்கள். பிறேக்கைத் தளர்த்துங்கள். இயந்திரத்தையும் பெட்டியையும் சேர்த்தும் பிரித்தும் நிறுங்கள். கூட்டிப் பாருங்கள். மூடைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். எல்லா எண்களையும் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வெறும் இயந்திரத்தின் நிறையும் வெறும் பெட்டியின் நிறையும் அடுத்த போகத்துக்கும் ஒப்பிட உதவும்.

இதற்குச் செலவாகும் நேரம் அரை மணிக்கு மேற்படாது. முதன்முறை செய்யும்போது ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். அயலவர் நால்வர் சேர்ந்து ஒரே நாளில் தத்தம் வண்டிகளை நிறுத்துக் கொண்டால் வேலையும் எளிதாகும். தராசின் குணமும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.