ஆற்றோடு கடல்வரை

நுழையும்முன்

பாலத்தின்மேல் விரைந்து கடப்போருக்கு ஆறு ஒரு நொடிக் காட்சி. அதன் கரையோடு பல நாள் செல்வோருக்கோ அஃது ஒரு வரலாறு. பிரான்சு நாட்டின் லுவார் ஆற்றங்கரையிலும் அட்லாண்டிக் கடற்கரையிலும் மிதிவண்டியில் செல்லும் இணையர் காண்பனவற்றையும், அக்காட்சிகள் எழுப்பும் வினாக்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வழி

பிரான்சின் மிக நீண்ட ஆறு லுவார். நாட்டின் தென்பகுதி மலைநிலத்தில் ஊற்றெடுக்கும் இவ்வாறு, அருகிலுள்ள மத்தியதரைக் கடலை நாடாமல் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஓர்லேயான் நகரருகே மேற்காக வளைந்து, 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவைக் கடந்து அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. நெவேர் நகரின் அருகிலிருந்து, கழிமுகத்தில் உள்ள சேன் பிரெவேன் வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு மிதிவண்டி வழி அமைக்கப்பட்டுள்ளது. கருங்கடல் வரை பத்து நாடுகளினூடே செல்லும் ஐரோப்பிய நெடுவழியின் ஒரு பகுதியாக இது விளங்குகிறது. சேன் பிரெவேனில் இதனைச் சந்திக்கும் மற்றொரு வழி, கடற்கரையை ஒட்டித் தெற்கே ஸ்பெயின் எல்லைவரை நீள்கிறது.

இருவர் பயணம்

இவ்வழியில் இணையராகச் செல்வோர் பலர். அத்தகைய இருவர் நெவேரில் புறப்பட்டு, ஆற்றோடு கடலை அடைந்து, பின்னர்க் கரையோரமாக லா ரோஷெல் துறைமுகம் வரை செல்வதாகக் கொள்ளலாம். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் சென்றால் ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும்.

ஆற்றின் சரிவு மிக மென்மையானது. எனவே மேடு பள்ளம் பெரும் இடையூறன்று. கடலிலிருந்து வீசும் மேலைக்காற்றே உண்மையான ஏற்றம். எதிர்காற்றில் முன்னே செல்பவர் காற்றைப் பிளந்து செல்ல, நெருங்கிப் பின்தொடர்பவருக்கு உழைப்பு குறைகிறது. ஆகவே இருவரும் முறைவைத்து இடம் மாறிக்கொள்கின்றனர். கூடாரம், சமையற்கலம் போன்ற பளுவான பொருள்கள் வலிமை மிக்கவர் வண்டியில் ஏறுகின்றன. பைகள் கேரியரின் இருபுறமும் தாழத் தொங்கினால் வண்டி தள்ளாடாது. பஞ்சர் ஒட்டும் பொருள்களும் காற்றடிக்கும் பம்பும் இருவருக்கும் பொது. விரைந்து செல்லக் கூடியவர் தம் விரைவைக் குறைத்துக்கொள்வதும், களைத்தவர் தம் களைப்பைத் தயங்காமல் சொல்வதும் இப்பயணத்தின் எழுதப்படாத விதிகள்.

கரை காட்டும் காலம்

பிரியார் என்னும் ஊரில் ஆற்றின்மேல் மற்றோர் நீர்வழி செல்லும் விந்தையைக் காணலாம். 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 662 மீட்டர் நீளமுள்ள பாலத்தில், கால்வாயின் நீரும் படகுகளும் ஆற்றைக் கடக்கின்றன. ஓர்லேயான், 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் முற்றுகையை முறியடித்த நகரம். அம்புவாசில் லியோனார்டோ டாவின்சி தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1519இல் மறைந்தார். அரண்மனைகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எனினும் இணையரின் சக்கரங்கள் பலகாலும் உருளும் இடம் அரண்மனை முற்றமன்று, வெள்ளத்தடுப்புக் கரை. 12ஆம் நூற்றாண்டு முதல் மக்கள் மண்ணும் கல்லும் இட்டு உயர்த்திய கரைகள் இவை. ஒருபுறம் மணல்திட்டுகளும் ஆற்றிடைக்குறைகளுமாக ஆறு. மறுபுறம் கரையை நம்பி எழுந்த ஊர்களும் வயல்களும். 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளில், இருபதாண்டு இடைவெளிக்குள் மும்முறை வந்த பெருவெள்ளங்கள் இக்கரைகளைப் பல இடங்களில் உடைத்தன. அந்நாளில் நீர் எட்டிய உயரம், ஆற்றோர ஊர்களின் சுவர்களில் ஆண்டு எண்ணோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. மிதிவண்டியை நிறுத்தி நோக்குபவரின் தலைக்குமேல் அக்குறி இருக்கும்போது, காலடியில் அமைதியாக ஓடும் ஆற்றின் மறுமுகம் விளங்கும்.

ஆற்றுக்கு இடம்

கரையை உயர்த்துவதா, அணை கட்டுவதா, ஆற்றுக்கு இடம் விடுவதா? இவ்வினா லுவாரின் மேற்பகுதியில் பெரும் போராட்டமாக வெடித்தது. 1980இல் திடீர் வெள்ளம் உயிர்களைப் பலிகொண்டபின், அப்பகுதியில் செர் த லா ஃபார் என்னுமிடத்தில் அணை கட்டத் திட்டமிடப்பட்டது. பள்ளத்தாக்கு மூழ்கிவிடும் எனக் கருதியோர் 1989இல் அவ்விடத்திலேயே முகாமிட்டு, ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். வெள்ளத்தில் உறவினரை இழந்த மண்ணில் அணை வேண்டும் என்ற குரலையும் எளிதில் புறந்தள்ள இயலாது. இறுதியில் 1994இல் அரசு புதிய ஆற்றுத்திட்டத்தை அறிவித்தது. அணைக்கு மாற்றாக, வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஊரில் ஆற்றுப்படுகை அகலப்படுத்தப்பட்டது. ஆற்றின் இடத்தில் நின்ற தொழிற்சாலைகள் வேறிடத்திற்கு மாற்றப்பட்டன. இணையர் செல்லும் வழி, அவ்வூருக்கு வெகு தொலைவு கீழே உள்ளது. ஆயினும் அவர்கள் காணும் மணல்திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுவதற்கும் மேல்நிலத்தில் எடுக்கப்படும் முடிவுகளுக்கும் தொடர்பு உண்டு.

தெரிந்து தெளிவோம்

லுவாரின் துணையாறான அலியேயில், சால்மன் மீன்களின் வழியை அடைத்திருந்த ஓர் அணை 1998இல் அகற்றப்பட்டது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்குத் திரும்பும் மீன் சால்மன்.

நாந்த் நகரின் நினைவிடம்

கடலை நெருங்கும் நாந்த் நகரில் ஆறு மற்றொரு வரலாற்றைக் காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அடிமை வணிகத்தில் முதன்மையான துறைமுகம் இந்நகரே. இங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை விலைப்பொருளாக்கி அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டுசென்றன. 2012இல் ஆற்றங்கரையில் அடிமைமுறை ஒழிப்பு நினைவிடம் திறக்கப்பட்டது. நடைபாதையில் பதிக்கப்பட்ட ஏறத்தாழ 2,000 கண்ணாடிப் பலகைகளுள் பெரும்பாலானவை அக்கப்பல்களின் பெயர்களைத் தாங்கியுள்ளன. தன் செல்வத்தின் ஊற்றுக்கண்ணை ஒரு நகரம் தானே வெளிப்படுத்தும் இடம் அது. அங்கு மிதிவண்டியை உருட்டிக்கொண்டு நடப்பதே முறை.

ஓதத்தின் ஆட்சி

கழிமுகத்தில் ஆறு பல கிலோமீட்டர் அகலம் கொள்கிறது. சேன் பிரெவேன் கரையில், சீனக் கலைஞர் ஹுவாங் யோங் பிங் அமைத்த மாபெரும் பாம்பின் எலும்புக்கூடு கடல்நீரில் கிடக்கிறது. நீர் ஏறும்போது மறைந்தும், வற்றும்போது வெளிப்பட்டும் ஓதத்தின் போக்கை அது காட்டும்.

இனிப் பயணத்தின் நேரத்தை ஓதமே வகுக்கிறது. நுவார்முத்தியே தீவுக்குச் செல்லும் குவா என்னும் பழஞ்சாலை நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. நாள்தோறும் இருமுறை கடலில் மூழ்குவது. நீர் மிகத் தாழும் நேரத்திற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரமே கடக்க ஏற்றது. காலந்தாழ்த்தியோர் ஏறித் தப்புவதற்கு வழியில் உயர்ந்த கம்பங்கள் நிற்கின்றன. சாலையின் தொடக்கத்தில் நேர அட்டவணை உண்டு. ஒருவர் 'கடந்துவிடலாம்' என்றும் மற்றவர் 'காத்திருப்போம்' என்றும் கூறினால், காத்திருப்பதே அறிவுடைமை.

தெற்கே, லா ஃபோத் சூர் மேர் என்னும் சிற்றூரில் கடல் தந்த பாடம் மிகக் கொடியது. 2010 பிப்ரவரி இறுதியில் ஜின்தியா புயலும் உயர் ஓதமும் இரவில் ஒன்றுசேர, கடல்நீர் தடுப்புக்கரையைத் தாண்டித் தாழ்நிலக் குடியிருப்பில் புகுந்தது. 29 பேர் மாண்டனர். கடலிடமிருந்து மீட்ட தாழ்நிலத்தில் வீடுகள் கட்டப்பட்டிருந்ததே பேரிழப்பிற்குக் காரணம். பின்னர் அரசு நூற்றுக்கணக்கான வீடுகளை விலைகொடுத்து வாங்கி இடித்தது.

நிறைவு

லா ரோஷெல், 1970களிலேயே மக்கள் பொதுவில் பயன்படுத்த மஞ்சள் நிற மிதிவண்டிகளை வழங்கிய நகரம். அங்கு வந்து சேரும் இணையர், மூன்று வாரங்களில் கடந்த தொலைவை விரைவுத் தொடர்வண்டி சில மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் சுவரிலுள்ள வெள்ளக்குறியையும், வெறுமையாக விடப்பட்ட கரையோர நிலத்தையும் சாளரத்தின் வழியே படிக்க இயலாது. நீர் தனக்குரிய இடத்தை மறப்பதில்லை, மனிதரே மறக்கின்றனர். அம்மறதியை நீக்கும் மெல்லிய வேகத்தை மிதிவண்டி அளிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. வெள்ளத்தைத் தடுக்க அணை கட்டுதல், ஆற்றுக்கு இடம் விடுதல் ஆகிய இரண்டின் பக்கமும் நின்று வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் ஊரின் ஆறு, ஏரி அல்லது கடற்கரையை ஒட்டி மிதிவண்டியில் சென்று, நீர் முன்பு எட்டிய எல்லையை முதியோரிடம் கேட்டறிந்து கட்டுரையாக்குக.
3. ஓதம், கழிமுகம், ஆற்றிடைக்குறை, படுகை ஆகிய சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக.