எந்த வழியாகப் போகலாம்?

நீங்களும் உங்கள் நண்பரும் பள்ளியிலிருந்து நூலகத்துக்குப் போகிறீர்கள். கைப்பேசியைக் கேட்டால், "பத்து நிமிடம்" என்று சொல்லி ஒரு வழியைக் காட்டும். உங்கள் நண்பர் சக்கர நாற்காலியில் வருகிறார். அந்த வழி அவருக்குச் சரிப்படுமா?

நடுவில் நாலே நாலு படி இருந்தால் போதும். நீங்கள் தாவி ஏறிவிடுவீர்கள். அவர் வந்த வழியே திரும்பணும். நடைபாதை முடியும் இடத்தில் சரிவு இல்லாவிட்டாலும் இதே கதைதான். சிலர் வேறு வழி இல்லாமல் கார்கள் ஓடும் சாலையிலேயே நாற்காலியை ஓட்டிப் போகிறார்கள். எவ்வளவு ஆபத்து, பாருங்கள்!

கைப்பேசி வரைபடத்துக்குச் சாலைகளைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆனால் நடைபாதை எங்கே குறுகலாக இருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்பது பல ஊர்களில் அதற்குத் தெரியாது.

அமெரிக்காவில் சியாட்டில் என்று ஒரு நகரம் இருக்கிறது. மேடும் பள்ளமுமான ஊர். சில தெருக்களில் ஏறினால் நமக்கே மூச்சு வாங்கும்! அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 'ஆக்சஸ்மேப்' என்ற வரைபடத்தை உருவாக்கினார்கள். "ரொம்பச் செங்குத்தான மேடு வேண்டாம்" என்று அதனிடம் சொல்லலாம். கொஞ்சம் சுற்று வழியானாலும் நமக்கு ஏற்ற வழியைத் தேடித் தரும்.

அதே பல்கலைக்கழகத்தில் 'புராஜெக்ட் சைட்வாக்' என்ற திட்டமும் நடக்கிறது. அதில் மக்கள் கணினியில் தெருப் படங்களைப் பார்க்கிறார்கள். "இங்கே சரிவு இருக்கு", "இங்கே கம்பம் மறிக்குது" என்று குறிக்கிறார்கள். இப்படி லட்சக்கணக்கான குறிகள் சேர்ந்துவிட்டன. அவற்றைக் காட்டித்தான் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நீங்கள் 'அ' எழுத்தைப் பலமுறை பார்த்துக் கற்றுக்கொண்டீர்களே, அதுபோலத்தான்.

நானும் கணினி வேலை செய்கிறவன்தான். அதனால் சொல்கிறேன், கணினியும் தப்புப் பண்ணும். மரம் மறைத்தால் அதற்கு நடைபாதை தெரியாது. படம் பழசாக இருந்தால், நேற்று தோண்டிய பள்ளமும் தெரியாது. அதனால் மனிதர்கள் சரிபார்க்கணும். முக்கியமாக, அந்த வழியில் தினமும் போகிறவர்களைக் கேட்கணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கண் தெரியாதவர்கள் வெள்ளைக் கோலால் தட்டிப் பார்த்து நடப்பார்கள். நடைபாதையின் விளிம்பு கோலில் பட்டால், "சாலை வந்துவிட்டது" என்று நிற்பார்கள். அந்த விளிம்பைச் சரிவாக்கினால்? நாற்காலிக்கு நல்லது, கோலுக்கு ஒன்றும் தெரியாது! அதற்காகத்தான் சரிவில் புள்ளி புள்ளியாகப் புடைத்த பலகை பதிக்கிறார்கள். காலுக்கும் கோலுக்கும் அது தெரியும். அந்த மாதிரிப் புடைத்த கல்லை 1965-இல் உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே. 1967-இல் ஒகாயாமா நகரில் அதை முதலில் பதித்தார்கள். நல்ல வரைபடம் இதையும் காட்டணும், இல்லையா?

செய்து பாருங்கள்: அம்மா அல்லது அப்பாவுடன் பேருந்து நிறுத்தம் வரை நடந்து போங்கள். படி, சரிவு, புடைத்த பலகை, வழியை மறிக்கும் குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் எண்ணுங்கள். வழியை ஒரு தாளில் வரைந்து, அடுத்த வாரம் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.