சென்னை நிலம் தாழ்கிறதா?

கேள்வி: என் மகன் சென்னையில் வீடு வாங்கப் பார்க்கிறான். அங்கே நிலம் உள்வாங்குகிறதாமே, உண்மையா?
– வாசகர், பெருநகர்

பதில்: உண்மைதான். 2025-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு, சென்னையின் சில பகுதிகள் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் வரை தாழ்வதாகக் காட்டியது. நகரம் முழுவதும் அப்படியல்ல. முக்கியக் காரணம் ஆழ்துளைக் கிணறுகள். அடியிலுள்ள நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் களிமண் அடுக்குகள் இறுகி அமுங்கும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய உயரம் முழுதாகத் திரும்பாது. நிலம் சீராக இறங்கினால் கட்டடம் ஓரளவு தாங்கும். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால்தான் விரிசல். கடலோரத்தில் வெள்ளம் வடிவதும் கடினமாகும்.

ஜப்பானிலும் இதே கதைதான்: டோக்கியோவின் கோட்டோ பகுதி 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பிறகு, 1970-களில் தாழ்வு பெரிதும் அடங்கியது. நம்மிடமும் 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டமும் 2003-இன் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமும் இருக்கின்றன, நடைமுறைதான் போதவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரிகளைக் கவனிக்க ஏரி வாரியம் அமைத்து நீரைக் காத்தது உங்கள் பெருநகருக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்!

மகனிடம் சொல்லுங்கள்: மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்கட்டும், சுவர் விரிசல்களைப் பொறியாளரிடம் காட்டட்டும், லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் மட்டுமே நம்பிய குடியிருப்பு என்றால் யோசிக்கட்டும். எங்கே வாங்கினாலும் மழைநீர் சேகரிப்பைச் சரியாக அமைக்கச் சொல்லுங்கள்.