கபடி ஆட்டக்காரரின் கழலும் தோள்

கேள்வி: கபடி ஆடும் என் மகனுக்கு (வயது 21) வலது தோள் நான்கு முறை கழன்றுவிட்டது. எலும்பும் குருத்தெலும்பும் சேதம் என்கிறார்கள். துளை வழி அறுவை போதுமா?

பதில்: எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தோள்மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. விளிம்பைச் சுற்றிய ‘லேப்ரம்’ வளையம்தான் மேற்கை எலும்பின் பந்து போன்ற தலையை நிறுத்திவைக்க உதவுகிறது. தோள் முன்பக்கம் நழுவும்போது அது கிழிகிறது. லண்டன் மருத்துவர் பாங்கார்ட் 1923-ல் விவரித்த காயம் இது. கிழிசல் மட்டும் என்றால் துளை வழி அறுவையிலேயே (ஆர்த்ராஸ்கோப்பி) தைத்துவிடலாம். பந்தின் பின்புறம் பெரிய குழி விழுந்திருந்தால், அங்குள்ள தசைநாணைக் குழிக்குள் பதித்துத் தைப்பார்கள். அதற்கும் துளைகளே போதும்.

கிண்ணத்தின் முன்விளிம்பில் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் எலும்பு போயிருந்தால் வெறும் தையலை நம்பாதீர்கள். அருகிலுள்ள கோரகாய்டு எலும்புத் துண்டைத் தசைநாணோடு வெட்டி, விளிம்பில் வைத்துத் திருகும் ‘லட்டார்ஜே’ அறுவையே உறுதியானது. பெரும்பாலும் திறந்துதான் செய்கிறார்கள். உங்கள் மகன் மோதி விளையாடுபவர் என்பதால், இழப்பு அதைவிடக் குறைவாக இருந்தாலும் மருத்துவர் இதைச் சொல்லக்கூடும். தழும்புக்குப் பயந்து மறுக்காதீர்கள்.

முதலில் முப்பரிமாண சி.டி. எடுத்து எலும்பிழப்பை அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த மூட்டுக் குருத்தெலும்பை எந்த அறுவையும் முழுதாகத் திருப்பித் தராது. ஒவ்வொரு கழலலும் அதை மேலும் சிதைக்கும். சிகிச்சை முடியும்வரை அவரைக் களத்தில் இறக்காதீர்கள். அறுவைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பப் பொதுவாக ஆறு மாதமாவது ஆகும்.