ஐந்து நிமிட மைக்: ஸ்டாண்ட்-அப் காமெடியில் இடம்பிடிக்க 10 வழிகள்

ஆபீஸ் முடிந்ததும் பேக்பேக்கோடு நேராக ஓப்பன் மைக்குக்கு வரும் கூட்டம் சென்னையில் பெருகிவிட்டது. ஆழ்வார்பேட்டை ‘மேடை’, அடையாறு ‘பேக்யார்ட்’ மாதிரி சின்ன அரங்குகள், கஃபே மாடிகள் என்று காமெடிக்கு இடம் தரும் இடங்களும் உண்டு. தட்டுப்பாடு ஸ்பாட்டுக்குத்தான். ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினாலே நேரம் முடிந்துவிடும். வாய்ப்புக் கேட்டு நிற்பவர்கள் அதைவிட அதிகம்.

ஏறியவர்களில் யார் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள்? எந்த வரி எடுபட்டது, எது எடுபடவில்லை, ஏன் என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள். கைதட்டல் அன்று ராத்திரியோடு சரி. தகவல் அடுத்த செட்டுக்கு உதவும். பாராட்டு வாங்கப் போகாதீர்கள், தகவல் வாங்கப் போங்கள். கீழே உள்ள பத்தும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவைதான்.

1. முதலில் டிக்கெட் வாங்கி உட்காருங்கள்

மேடை ஏறும் முன் இரண்டு மூன்று ஓப்பன் மைக்குகளை ஆடியன்ஸாகப் பாருங்கள். கையில் நோட்டு இருக்கட்டும். வந்திருப்பவர்களில் எத்தனை பேர் பொதுமக்கள், எத்தனை பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் காமிக்குகள் என்று கவனியுங்கள். காமிக்குகள் நிறைந்த ரூமில் சிரிப்பு குறைவாகத்தான் வரும். அவர்கள் மனதுக்குள் தங்கள் செட்டை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடித்துத் துவைத்த டாபிக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜினியரிங் காலேஜ், ஃபேமிலி வாட்ஸாப் குரூப், மேட்ரிமோனி ப்ரொஃபைல், கேப் டிரைவர் ஓடிபி. இவற்றைத் தொடவே கூடாது என்றில்லை. தொட்டால், வேறு யாராலும் சொல்ல முடியாத ஒரு விவரம் உங்களிடம் இருக்க வேண்டும்.

2. எந்த மொழியில் பேசப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

சென்னையில் ஆங்கில மைக்கும் உண்டு, தமிழ் மைக்கும் உண்டு, கலந்து பேசுவதும் உண்டு. காமிக் அரவிந்த் எஸ்.ஏ.யின் ஸ்டாண்ட்-அப் ஸ்பெஷல் ‘மதராஸி டா’ 2017-இல் அமேசான் ப்ரைமில் வந்தது. ஆங்கிலத்தில் பேசியே சென்னையைக் காட்டியது. 2020-இல் அதே தளத்தில் ‘காமிக்ஸ்தான் செம காமெடி பா’ வந்தபோது, முழுக்கத் தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்பவர்களுக்கும் ஒரு போட்டிக் களம் கிடைத்தது. இரண்டு பாதையும் திறந்திருக்கிறது. வீட்டில் சண்டை போடும்போது எந்த மொழி வாயில் வருகிறதோ, அதில் எழுதுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் ஆடியன்ஸின் காது ஏற்கெனவே பழகிய காது. சபாக்களில் கிரேசி மோகனின் வார்த்தை விளையாட்டைக் கேட்டது, டிவியில் ‘கலக்கப் போவது யாரு’ மிமிக்ரியைக் கேட்டது. கடி ஜோக்கும் நடிகர் குரலும் அவர்களுக்குப் புதிதல்ல. உங்கள் வாழ்க்கையும் உங்கள் பார்வையும்தான் புதிது. அதை விற்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

3. ஸ்பாட் கேட்பதில் ப்ரொஃபஷனலாக இருங்கள்

பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் ஒரு ஃபார்ம் போடுவார்கள், அல்லது வாட்ஸாப் குரூப்பில் பெயர் கேட்பார்கள். பெயர், மொழி, அனுபவம், எத்தனை நிமிடம் வேண்டும் என்று நான்கு வரியில் முடியுங்கள். முதல்முறை என்றால் முதல்முறை என்றே போடுங்கள். சில இடங்களில் காமிக்கிடமே ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் வாங்குவார்கள். அதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

லிஸ்ட்டில் பெயர் வராவிட்டாலும் போய் நில்லுங்கள். கடைசி நேரத்தில் யாராவது வராமல் போவது சகஜம். அரை மணி நேரம் முன்னதாக வந்து, செட்டோடு ரெடியாக நிற்பவரின் பெயரைத்தான் ஹோஸ்ட் கூப்பிடுவார். வர முடியாவிட்டால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் டிமிக்கி கொடுத்தவரின் பெயர் ஹோஸ்ட்டுக்கு மறக்காது.

4. ஐந்து நிமிடத்துக்கு நான்கு நிமிடம் எழுதுங்கள்

சிரிப்புக்கும் இடைவெளிக்கும் நேரம் வேண்டும். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் வந்தால், மேடையில் நேரம் போதாது. முதல் சிரிப்பு முதல் அரை நிமிடத்துக்குள் வர வேண்டும். ‘வணக்கம் சென்னை, எல்லாரும் சாப்பிட்டீங்களா, எனக்கு ரொம்ப நெர்வஸா இருக்கு’ என்பதையெல்லாம் வெட்டுங்கள். நெர்வஸாக இருப்பதை நீங்களே அறிவித்தால், ஆடியன்ஸ் சிரிப்பதை விட்டுவிட்டு உங்களுக்காகப் பயப்படத் தொடங்குவார்கள்.

உங்கள் இரண்டாவது பலமான பிட்டை முதலில் வையுங்கள். முதல் பலமானது கடைசியில். சோதித்துப் பார்க்கும் புதுச் சரக்கு நடுவில். நடுவில் சறுக்கினாலும் இறங்கும்போது சிரிப்போடு இறங்கலாம்.

5. எடிட்டிங்தான் வேலை

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். முதல் டிராஃப்ட் இப்படி:

“நான் வேளச்சேரியில வாடகைக்கு இருக்கேன். எங்க ஓனர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதும்பாரு. ஒரு தடவை மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்து ஃப்ரிட்ஜெல்லாம் மிதக்குது, ஃபோன் பண்ணா, அதைப் பத்தி ஒண்ணுமே கேக்காம, செவுத்துல ஆணி அடிச்சிருக்கியான்னுதான் கேட்டாரு. அந்த அளவுக்கு ஸ்ட்ரிக்ட்.”

விஷயம் இருக்கிறது, சிரிப்பு வராது. தமிழில் வினை கடைசியில் வரும். ‘ஆணி’ என்ற இடத்தில் சிரிக்க வேண்டிய ஆள், ‘-ன்னுதான் கேட்டாரு’ முடியும்வரை காத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு விளக்கம் வேறு. சிரிப்பை நீங்களே மிதித்துவிட்டீர்கள். எடிட் செய்தால்:

“வேளச்சேரியில வாடகை வீடு. ஓனரோட ஒரே கண்டிஷன்: செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. டிசம்பர் வந்துச்சு. இடுப்பளவு தண்ணி. ஓனருக்கு ஃபோன் போட்டேன். ‘சார், ஃப்ரிட்ஜ் மிதக்குது சார்!’ ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாரு: ‘ஃப்ரிட்ஜ் இருந்த எடத்துக்குப் பின்னாடி... எதாவது ஆணி?’”

கேட்டார் என்பது முன்னால் போய்விட்டது. ‘ஆணி’ கடைசிச் சொல். ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற தீர்ப்பே இல்லை, அதை ஆடியன்ஸ் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். சிரிப்பு அடங்கும் முன் ஒரு டேக், அதாவது அதே செட்-அப்பில் இன்னொரு வரி: “தண்ணி வடிஞ்சுது. அட்வான்ஸ்ல பெயின்ட்டிங் சார்ஜ் கழிச்சிட்டாரு.” ஒரு செட்-அப்புக்கு இரண்டு சிரிப்பு. உங்கள் ஒவ்வொரு பிட்டையும் இந்த ஆபரேஷனுக்கு உட்படுத்துங்கள்.

6. ஒவ்வொரு செட்டையும் ரெக்கார்ட் செய்யுங்கள்

ஃபோனில் ஆடியோ போதும். மேடையிலிருந்து இறங்கியதும் ‘கில் பண்ணிட்டேன்’ என்றோ ‘பாம் ஆயிட்டேன்’ என்றோ தோன்றும். இரண்டையும் நம்பாதீர்கள். மறுநாள் காலையில் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பெரிய சிரிப்பு, சின்னச் சிரிப்பு, மௌனம் என்று குறியிடுங்கள். தவறி வாயில் வந்த ஒரு சொல்லுக்கு, எழுதி வைத்த வரியைவிடப் பெரிய சிரிப்பு கிடைத்திருக்கும். அதை உடனே ஸ்கிரிப்ட்டில் சேருங்கள்.

ஒரு ரூமில் விழுந்த ஜோக்கை உடனே தூக்கி எறியாதீர்கள். மூன்று வெவ்வேறு ரூம்களில் சொல்லுங்கள். மூன்றிலும் மௌனம் என்றால் ஜோக்கில் பிரச்சினை. ஒன்றில் மட்டும் என்றால் அன்றைய ரூமிலோ, நீங்கள் சொன்ன விதத்திலோ பிரச்சினை. பெரியவர்களுக்கும் இதே வழிதான். ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1998-இல் தன் பழைய ஜோக்குகளுக்கு விடைகொடுத்துவிட்டு, புது மெட்டீரியலோடு மறுபடியும் சின்ன க்ளப்களில் ஏறினார். 2002-இல் வந்த ‘காமெடியன்’ என்ற ஆவணப்படத்தில் அவர் மேடையில் தடுமாறுவதைப் பார்க்கலாம். உலகப் புகழ்பெற்றவருக்கே ஷார்ட்கட் இல்லை.

7. மைக்கும் லைட்டும்

ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்ததும், ஸ்டாண்டை நகர்த்திப் பின்னால் வையுங்கள். உங்களுக்கும் ஆடியன்ஸுக்கும் நடுவில் கம்பி நிற்கக் கூடாது. மைக்கைத் தட்டிப் பார்க்காதீர்கள். வாயிலிருந்து அதிக தூரம் கொண்டுபோகாதீர்கள், ஸ்பீக்கருக்கு நேராக நீட்டினால் அது கீச்சிடும். பேப்பரோ ஃபோனோ பார்த்துப் படிக்காதீர்கள். தேவையென்றால் நான்கு சொற்களை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரம் முடிவதற்குச் சற்று முன் பின்னாலிருந்து லைட் காட்டுவார்கள். பார்த்ததும் இருக்கும் பிட்டை முடித்து இறங்குங்கள். புது பிட் தொடங்காதீர்கள். நீங்கள் எடுக்கும் இரண்டு நிமிடம் அடுத்தவரின் செட்டிலிருந்து போகிறது. லைட்டை மதிக்காதவர் எவ்வளவு சிரிக்கவைத்தாலும் லைன்-அப்பில் வைக்க ஹோஸ்ட் தயங்குவார்.

8. சிரிப்பு வராதபோது உங்கள் மதிப்பு தெரியும்

எல்லோரும் ஒருநாள் பாம் ஆவார்கள். அப்போது எப்படி நிற்கிறீர்கள் என்பதை மற்ற காமிக்குகள் கவனிக்கிறார்கள். ‘புரியலையா?’ என்று கேட்காதீர்கள். ஜோக்கை விளக்காதீர்கள். ‘நேத்து இந்த ஜோக்குக்குச் செம சிரிப்பு’ என்று சொல்லாதீர்கள். வேகமும் வேண்டாம். பதற்றத்தில் வேகம் கூடும், வேகத்தில் மிச்ச ஜோக்குகளும் போகும். மூச்சுவிட்டு, நிதானமாக அடுத்த பிட்டுக்குப் போங்கள். முன் வரிசையில் ஒருவர் குறுக்கே பேசினால் ஒரே ஒரு பதில், அதோடு செட்டுக்குத் திரும்புங்கள். அவரோடு சண்டை போட்டு ஜெயித்தாலும் உங்கள் ஐந்து நிமிடம் தோற்றுப்போயிருக்கும்.

9. மேடைக்குக் கீழேயும் நீங்கள் பெர்ஃபார்ம் செய்கிறீர்கள்

அடுத்த ஸ்பாட்டைக் கொடுப்பது ஆடியன்ஸ் அல்ல. ஹோஸ்ட்டும் சக காமிக்குகளும். உங்கள் செட் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கடைசிவரை உட்காருங்கள், சிரிப்பு வந்தால் சத்தமாகச் சிரியுங்கள். இறங்கி வந்தவரிடம் ‘அந்தக் கடைசி வரி பிரமாதம்’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அவர் ஜோக்குக்கு உங்களுக்கு ஒரு டேக் தோன்றினால் கொடுத்துவிடுங்கள். கொடுப்பவருக்குத் திரும்ப வரும்.

இரண்டு தவறுக்கு மன்னிப்பில்லை. ஒன்று, ஜோக் திருட்டு. ஊர் சின்னது, வாட்ஸாப் குரூப் வேகமானது. நெட்டில் பார்த்ததைத் தமிழாக்கிச் சொல்வதும் திருட்டுதான். மற்றொன்று, முன்னால் பேசிய பெண் காமிக்கின் தோற்றத்தை வைத்து உங்கள் செட்டைத் தொடங்குவது. அதைச் செய்பவரை யாரும் தங்கள் ஷோவில் வைக்க விரும்பமாட்டார்கள். வைக்கவும் கூடாது.

ரீல்ஸில் அவசரம் வேண்டாம். பாதி வெந்த ஜோக்கை அப்லோட் செய்தால், அது அப்படியே நிலைத்துவிடும். நீங்கள் அதைப் பதமாக்கிக் கொண்டுவரும்போது ஆடியன்ஸ் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். மதம், ஜாதி, அரசியல் பேசுவது உங்கள் உரிமை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நிற்கத் தயாரா என்று முன்பே யோசியுங்கள். 2021 ஜனவரி 1-ஆம் தேதி இந்தூரில் ஸ்டாண்ட்-அப் காமிக் முனாவர் ஃபாரூக்கி, மத உணர்வைப் புண்படுத்தியதாக வந்த புகாரில் கைதானார். சுப்ரீம் கோர்ட் இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். இந்த நாட்டில் இந்தத் தொழிலின் ரிஸ்க் இதுதான் என்று தெரிந்தே ஏறுங்கள்.

10. வேலையை விடாதீர்கள், கேரியரைத் திட்டமிடுங்கள்

ஓப்பன் மைக்கில் பணம் கிடையாது. வழக்கமான படிகள் இவை: ஓப்பன் மைக், லைன்-அப் ஷோவில் ஸ்பாட், பெரியவர்களின் ஷோவுக்கு ஓப்பனிங், கார்ப்பரேட் ஷோ, பிறகு சொந்த ட்ரையல் ஷோ, கடைசியில் ஒரு மணி நேர ஸ்பெஷல். சாஃப்ட்வேர் துறையிலிருந்து வந்தவர் அலெக்ஸாண்டர் பாபு. இசையைக் காமெடியோடு சேர்த்து அவர் உருவாக்கிய ‘அலெக்ஸ் இன் வொண்டர்லாண்ட்’ 2019-இல் ப்ரைமில் வந்தது. தனக்குத் தெரிந்த இன்னொரு திறமையை மேடைக்குக் கொண்டுவந்ததுதான் அவரைத் தனியாக நிறுத்தியது. உங்கள் இன்னொரு திறமை என்ன என்று யோசியுங்கள்.

மாதச் சம்பளம்தான் உங்களுக்குத் தைரியம் தரும். வாடகைக் கவலையோடு எழுதும் ஜோக்கில் பதற்றம் தெரியும். ஆனால் உங்கள் அப்பாய்ன்ட்மென்ட் ஆர்டரில் வெளி வருமானம் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். இருந்தால், பணம் வாங்கும் ஷோவுக்கு முன் எச்.ஆரிடம் மெயிலில் அனுமதி கேளுங்கள். மேனேஜரை வைத்து ஜோக் எழுதினால் கம்பெனி பெயர், ப்ராஜெக்ட், க்ளையன்ட் எதுவும் வரக் கூடாது.

முதல் கார்ப்பரேட் ஷோ வருவதற்குள் ஆபாசம் இல்லாத இருபது நிமிட செட் கையில் இருக்கட்டும். தொகை, நேரம், பயணச் செலவு, மைக், தனி மேடை எல்லாவற்றையும் மெயிலில் உறுதிசெய்யுங்கள். பாதி அட்வான்ஸ் கேளுங்கள். டின்னர் பரிமாறும் நேரத்தில் ஸ்லாட் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். தட்டில் பிரியாணி இருக்கும்போது யாரும் மேடையைப் பார்க்கமாட்டார்கள். இன்வாய்ஸ் கொடுங்கள், டிடிஎஸ் பிடித்தால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இது கஷ்டமான தொழில். ஆனால் நாள் முழுக்க உழைத்துக் களைத்து, டிராஃபிக்கைத் தாண்டி வந்து உட்காரும் ஒருவரை, முன்பின் தெரியாத நீங்கள் ஒரு வரியில் சிரிக்கவைக்கிறீர்கள். அதற்கு இணையான வேலை அதிகம் இல்லை. அந்த மனிதருக்கு அரைகுறை ஜோக்கைக் கொடுக்காதீர்கள்.

இந்த வாரம் மூன்று வேலைகளை முடியுங்கள். ஒரு ஓப்பன் மைக்கைப் போய்ப் பாருங்கள். நான்கு நிமிட செட்டை எழுதி, அதில் கால்வாசியை வெட்டுங்கள். அடுத்த வாரத்துக்கான ஃபார்மை நிரப்பி அனுப்புங்கள்.