ஜெஃபர்சன் தேடிய விலங்கு

அமெரிக்க நாட்டின் விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர், அதன் மூன்றாவது குடியரசுத் தலைவர் என்ற முறையில் தாமஸ் ஜெஃபர்சனை நாம் அறிவோம். புதைந்த எலும்புகளின்பால் அவர் கொண்டிருந்த தீராத ஆவலை அறிந்தோர் சிலரே. விஞ்ஞானம் பயிலும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

பிரெஞ்சு அறிஞர் புஃபோன், புதிய உலகின் விலங்குகள் குளிராலும் ஈரத்தாலும் குன்றிச் சிறுத்தவை என்று எழுதினார். தம் நாட்டை இழித்த இக்கூற்றை ஜெஃபர்சன் பொறுத்தாரில்லை. 1785இல் பாரிஸில் அச்சான ‘வர்ஜீனியா பற்றிய குறிப்புகள்’ என்னும் நூலில், இரு கண்டத்து விலங்குகளையும் அட்டவணையிட்டு ஒப்பிட்டு மறுத்தார். அட்டவணையின் தலைப்பில் நின்றது எது? மாமத்! ஒஹையோ ஆற்றுப் பக்கம் அதன் எலும்புகளே கிடைத்திருந்தன. எனினும் வடக்கிலும் மேற்கிலும் அது இன்னும் உலவுகின்றது என்றே அவர் நம்பினார். இயற்கை என்னும் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறாது என்பது அக்காலத்துப் பலர் கொண்டிருந்த கொள்கை.

1797இல், வர்ஜீனியாவின் மேற்குப் பகுதிக் குகையொன்றில் கிடைத்த பெரிய நகங்களைப் பற்றிப் பிலடெல்பியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்திற்குக் கட்டுரை அளித்தார். ‘பெருநகம்’ என்று பொருள்படும் மெகலோனிக்ஸ் என்ற பெயரையும் இட்டார். சிங்கத்தினும் மும்மடங்கு பெரிய வேட்டை விலங்கு என்பது அவர் கருத்து. ஆனால் தென்னமெரிக்க மெகதீரியத்தின் படத்தை ஓர் இதழில் கண்டதும், அந்த ஒப்புமையை மறைக்காது பின்குறிப்பாகச் சேர்த்தார். 1799இல் கட்டுரை வெளியான அதே தொகுதியில், மருத்துவர் காஸ்பர் விஸ்டார், அவ்வெலும்புகள் ஸ்லாத் என்னும் மந்த விலங்கினுடையவற்றை ஒத்தவை என்று காட்டினார். 1822இல் பிரெஞ்சு அறிஞர் தெமாரே அவ்விலங்கினத்திற்கு ஜெஃபர்சனின் பெயரையே சூட்டினார்.

1803இல் லூயிஸைப் பசிபிக் கடல் வரை அனுப்பியபோது, அரியனவும் அற்றுப்போனவை எனக் கருதப்படுவனவுமான விலங்குகளைக் கவனிக்குமாறு எழுதிக் கொடுத்தார். 1806இல் பயணக் குழு திரும்பியது, மாமத் தென்படவில்லை. அதே ஆண்டில் குவியே, ஒஹையோ விலங்கு மாமத்தே அன்று, வேறோர் இனம் என்று நிறுவி, மாஸ்டடான் எனப் பெயரிட்டார். 1823இல் ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில், சில விலங்கினங்கள் அற்றுப்போயின என்பதை முதியவரான ஜெஃபர்சனே ஒப்புக்கொண்டார்.

நாட்டுப்பற்று நம்மைக் கேள்வி கேட்கத் தூண்டலாம். விடையை எலும்புகளே கூற வேண்டும். நம் மரபின் பெருமையைப் பேசும்போதும் இவ்வளவுகோலை நாம் கைவிடலாகாது, நண்பர்களே!