பச்சிளங்குழவியின் கொடை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

முன்னுரை

இந்திரனுக்கு வச்சிராயுதம் செய்வதற்காகத் தம் முதுகெலும்பையே ஈந்தார் ததீசி முனிவர் என்று புராணம் கூறும். புறாவின் உயிரைக் காக்கத் தன் தசையை அரிந்து கொடுத்தான் சிபி. இவ்விருவரும் அறிந்து, விரும்பிக் கொடுத்தவர்கள். பிறந்து சில நாட்களே வாழ்ந்து மறையும் குழவியோ எதையும் அறியாது. அதன் சார்பில் பெற்றோரே கொடுக்கின்றனர். அவ்வாறு கொடுக்கப்படும் உறுப்புகளையும் திசுக்களையும் மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நன்கு வளர்ந்துள்ளது. அது நடைபெறும் முறையையும், அதில் காக்கப்பட வேண்டிய எல்லைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

குழவியின் திசு ஏன் தேவை?

குழவி என்பது அளவில் குறைந்த பெரியவர் என்று எண்ணுவது பெரும் பிழை. 1950களில் குளோராம்பெனிகால் என்னும் நோய்க்கிருமிக்கொல்லி மருந்து, பிறந்த குழந்தைகளுக்கும் உடல் எடையைக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. சில குழந்தைகளின் உடல் சாம்பல் நிறமாக மாறியது, பலர் இறந்தனர். அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதி பச்சிளங்குழவியின் கல்லீரலில் போதிய அளவு முதிர்ந்திருப்பதில்லை என்ற உண்மை, பின்னர் வெளிவந்த ஆய்வுகளால் மருத்துவ உலகிற்குத் தெரிந்தது.

நுரையீரலும் அவ்வாறே. அதிலுள்ள காற்று நுண்ணறைகளுள் பெரும்பாலானவை பிறந்த பிறகே உருவாகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஏன் மூச்சுக்குத் திணறுகிறது என்பதைப் பெரியவர் நுரையீரலைக் கொண்டோ, எலியின் நுரையீரலைக் கொண்டோ முழுமையாக அறிய முடியாது. ஆகவே, 2014இல் அமெரிக்க அரசின் இருதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிறுவனம் நுரையீரல் வளர்ச்சியை உயிரணு வாரியாகப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கான மனிதத் திசுக்கள் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேமிக்கப்பட்டன. இறந்த குழந்தைகளின் பெற்றோர் அளித்த கொடையே அத்திட்டத்தின் மூலப்பொருள்.

கொடை கைமாறும் வழி

அமெரிக்காவில் 1968இல் வரையப்பட்ட உடற்கொடைச் சட்டம், இறந்தவரின் உறுப்பைச் சிகிச்சைக்கு மட்டுமன்றி ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் அளிக்க வழி செய்தது. இறந்த குழந்தைக்காகப் பெற்றோர் இசைவு தரலாம். 1998இல் வந்த விதிப்படி, மருத்துவமனையில் நேரும் ஒவ்வோர் இறப்பையும், நேரவிருக்கும் இறப்பையும் அவ்வட்டார உறுப்புக் கொடை அமைப்புக்கு மருத்துவமனை தெரிவித்தாக வேண்டும்.

செய்தி கிடைத்ததும் ஒருங்கிணைப்பாளர் பணியைத் தொடங்குகிறார். கருவிலேயே ஸ்கேன் மூலம் குறை கண்டறியப்பட்டிருந்தால், பிரசவத்திற்குப் பல வாரங்கள் முன்பே பெற்றோருடன் பேச வாய்ப்புண்டு. எந்த உறுப்பு, எந்த நோக்கத்திற்கு, எடுத்த பின் உடல் எவ்வாறு திருப்பித் தரப்படும் என்பனவற்றை அவர் விளக்குகிறார். பெற்றோர் கையொப்பமிட்ட பின்னும் மனம் மாறலாம்.

அடுத்து, அத்திசுவை ஏற்கும் ஆய்வுக்கூடத்தைத் தேட வேண்டும். இதற்கென்றே 1980இல் ஃபிலடெல்ஃபியாவில் தேசிய நோயாராய்ச்சிப் பரிமாற்ற நிறுவனம் தோன்றியது. ஆய்வாளர்கள் தமக்கு எவ்வகைத் திசு, எந்நிலையில் தேவை என்று பதிந்து வைக்கின்றனர். ஒருங்கிணைப்பாளர் கொடையையும் தேவையையும் பொருத்துகிறார். தொற்றுநோய்ச் சோதனைக்குக் குழவியின் சிறிதளவு இரத்தத்தை நம்பியிராமல் தாயின் இரத்தத்தைச் சோதிக்கின்றனர். இறப்பை உறுதி செய்யும் மருத்துவருக்கும் உறுப்பை எடுக்கும் குழுவினருக்கும் எவ்விதத் தொடர்பும் இருத்தல் கூடாது.

இங்குதான் மிகக் கடினமான கட்டம் வருகிறது. கல்லீரல் உயிரணுக்கள் விரைவில் கெடும். எடுத்த உடனே குளிர்ந்த கரைசலில் இட்டு, பனிக்கட்டியில் வைத்து, விமானத்தில் அனுப்ப வேண்டும். தாய்க்கோ தன் குழந்தையை மடியிலிருந்து இறக்க மனம் வராது. கடிகாரம் ஒரு பக்கம், தாய்மடி ஒரு பக்கம். கண்ணின் கருவிழிப்படலம் போன்ற திசுக்கள் சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும். ஆகவே, எதற்கு எவ்வளவு நேரம் உண்டு என்பதை முன்பே பெற்றோருக்குச் சொல்லி, எதைக் கொடுப்பது என்ற முடிவை அவர்களிடமே விடுவதுதான் நல்ல ஒருங்கிணைப்பு. தாயை அவசரப்படுத்திப் பெறும் உறுப்பு கொடை ஆகாது.

தாண்டக்கூடாத எல்லை

மூளையின்மை என்பது, கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூட வேண்டிய நரம்புக்குழல் தலைப்பக்கத்தில் மூடாது போவதால் வரும் குறை. பெருமூளை வளராது; ஆயினும் மூளைத்தண்டு இயங்குவதால் குழவி மூச்சு விடும். பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் அதன் வாழ்வு.

1987 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழக மருத்துவர்கள், இத்தகைய குழவிகளின் உறுப்புகளைப் பிற குழந்தைகளுக்குப் பொருத்த ஒரு திட்டம் தொடங்கினர். 1988 வரை 12 குழவிகளுக்குத் தீவிர சிகிச்சை அளித்து, மூளைச்சாவு வருமா என்று ஒரு வார காலம் காத்திருந்தனர். இரண்டு குழவிகள் மட்டுமே அந்நிலையை அடைந்தன. உறுப்பைக் காக்கச் செய்த சிகிச்சை மூளைத்தண்டையும் காத்துவிட்டதே காரணம். ஓர் உறுப்பும் பொருத்தப்படவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. 1992இல் ஃபுளோரிடா மாநில உச்ச நீதிமன்றமும், மூளையின்மையோடு பிறந்த குழந்தை மூச்சும் துடிப்பும் உள்ளவரை சட்டத்தின் முன் உயிருள்ள குழந்தையே என்று தீர்ப்பளித்தது.

பெற்றோர் விரும்பினாலும் இவ்வெல்லையைத் தாண்ட இயலாது. உயிருள்ள வரை அது நோயாளி. இறந்த பின்னரே அது கொடையாளி. இவ்வரிசை மாறினால் எந்தத் தாயும் மருத்துவமனையை நம்பமாட்டாள்.

ஆறு நாள் வாழ்ந்த தாமஸ்

அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரத்தில் வாழ்ந்த சாரா கிரே என்னும் பெண்மணிக்கு 2010 மார்ச் 23இல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒரே கருவிலிருந்து பிரிந்த அவ்விருவருள் ஒருவன் நலமாக இருந்தான். தாமஸ் என்ற மற்றவனுக்கு மூளையின்மை. ஆறு நாட்களே வாழ்ந்தான். அவனுடைய கண்களையும் கல்லீரலையும் இருவரின் தொப்புள்கொடி இரத்தத்தையும் பெற்றோர் ஆராய்ச்சிக்கு அளித்தனர்.

கருவிழிப்படலம் பாஸ்டனிலுள்ள ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்திற்குச் சென்றது. விழித்திரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் கண்புற்றை ஆராய்பவர்களுக்குப் பயன்பட்டது. கல்லீரல், குழவிகளின் கல்லீரல் திசுவை எவ்வெப்பநிலையில் உறையவைப்பது நலம் என்ற ஆய்வுக்கு உதவியது. தொப்புள்கொடி இரத்தம் டியூக் பல்கலைக்கழகம் சேர்ந்தது. ஒரே மரபணுக்களைக் கொண்ட இருவருள் ஒருவனுக்கு மட்டும் ஏன் இக்குறை வந்தது என்று ஒப்பிட்டு நோக்க அது அரிய வாய்ப்பாயிற்று.

ஆய்வுக்கூடத்திற்கு வரும் புட்டியில் பெயர் இராது. எண் ஒன்றே இருக்கும். கொடுத்தவரின் அந்தரங்கத்தைக் காக்க அது வேண்டியதே. ஆனால் சாரா கிரே அவ்வளவில் நிற்கவில்லை. தம் மகனின் கொடை சென்ற ஆய்வுக்கூடங்களைத் தேடிச் சென்று, ஆய்வாளர்களை நேரில் கண்டார். 2016இல் அதனை நூலாகவும் எழுதினார். மகனின் இழப்பை அது ஈடு செய்திருக்காது. ஆயினும் அவன் சென்ற இடம் தெரிந்தது.

முடிவுரை

கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் நரம்புக்குழல் குறைகளுள் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வினால் உறுதிப்பட்டது. தடுக்க முடியாதவை எஞ்சியுள்ளவரை இத்தகைய கொடையின் தேவையும் எஞ்சியிருக்கும்.

இக்கொடையில் மூன்று கடமைகள் உள்ளன. கேட்பவர் அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும். மருத்துவர் கடைசி மூச்சு வரை குழந்தைக்கே மருத்துவராக இருக்க வேண்டும். பெற்ற ஆய்வாளர், அது எதற்குப் பயன்பட்டது என்று பெற்றோருக்கு ஒரு வரியேனும் எழுத வேண்டும். முதலிரண்டுக்கும் சட்டமும் விதியும் காவல் நிற்கின்றன. மூன்றாவதற்கு ஆய்வாளரின் நெஞ்சமே காவல். நாளை ஆய்வுக்கூடத்தில் எண்ணிட்ட புட்டியைக் கையிலெடுக்கப் போகும் அறிவியல் மாணவர்களாகிய நாம், அவ்வெண்ணுக்குப் பின்னால் ஒரு தாய் காத்திருக்கிறாள் என்பதை இன்றே நினைவில் பதித்துக்கொள்வோமாக.